மலேரியா போன பின்னும் முடியாத வேலை

1963இல் இலங்கை முழுவதிலும் மலேரியா கண்டவர்கள் 17 பேர்தான். 1934-35 கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பறிகொடுத்த நாடு இது. டிடிடி தெளிப்பு நோயை அந்த அளவுக்கு அடக்கியிருந்தது. வேலை முடிந்ததென்று தெளிப்பை நிறுத்தினார்கள், கண்காணிப்பும் தளர்ந்தது. 1960களின் இறுதியில் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. மீண்டும் தெளித்தபோதோ நுளம்புகள் டிடிடியைத் தாங்கப் பழகியிருந்தன. 1977இல் மலத்தியோனுக்கு மாறவேண்டி வந்தது.

ஒழிப்பில் மிகக் கடினமான கட்டம் நோய் அருகிப்போகும் இந்தக் கடைசிக் கட்டம்தான் என்பேன். வைவக்ஸ் வகைக் கிருமி ஈரலில் மாதக்கணக்கில் பதுங்கிக் கிடந்து, குணமான ஆளுக்கே மறுபடி காய்ச்சலைத் தரும். அதை வேரறுக்க பிரைமாகுயின் மாத்திரையை வழக்கமாக 14 நாள் விழுங்க வேண்டும். காய்ச்சல் விட்டதும் மாத்திரையைக் கைவிடுவது மனித இயல்பு. ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கோ அதே மருந்தால் செங்குருதிக் கலங்கள் சிதையலாம். அறிகுறியே இல்லாமல் கிருமியைச் சுமப்பவர்கள் வைத்தியசாலைக்கு வரவே மாட்டார்கள். அவர்களைத் தேடிப்போய் இரத்தம் எடுக்க வேண்டும்.

போர் நடந்த வடக்கு, கிழக்கிலும் அந்தத் தேடல் நிற்கவில்லை. நடமாடும் பரிசோதனை நிலையங்களும் மருந்தூட்டிய நுளம்பு வலைகளும் ஊர்களுக்குச் சென்றன. அந்தக் களப் பணியாளர்களை நாம் போதிய அளவு கொண்டாடவில்லை. உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 அக்டோபரில் பதிவானார். 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

அதே ஆண்டின் இறுதியில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற புதிய நுளம்பு அகப்பட்டது. இந்திய நகரங்களில் மலேரியா பரப்பும் இனம் அது. இங்கே மலேரியாவைப் பரப்பிய பழைய எதிரியான கியூலிசிபேசிஸ் நுளம்பு ஆற்றுப்படுகைக் குட்டைகளில் முட்டையிடும். ஸ்டீபன்சிக்குக் கிணறும் தண்ணீர்த் தொட்டியும் போதும். யாழ்ப்பாணத்திலும் பின்னர் அது காணப்பட்டது.

கடத்தி நுளம்பு இருக்கிறது, வெளிநாட்டிலிருந்து கிருமியும் பயணிகளோடு ஆண்டுதோறும் வருகிறது. இரண்டும் சந்திக்காமல் தடுப்பதே இன்றைய வேலை. காய்ச்சலென்றால் டெங்குவையே முதலில் நினைக்கும் இளம் மருத்துவர்கள் பலர் மலேரியா நோயாளியைக் கண்டதில்லை. ஆகவே ஆபிரிக்காவிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ திரும்பியபின் காய்ச்சல் கண்டால், போய்வந்த இடத்தை மருத்துவரிடம் நீங்களே சொல்லி மலேரியாவுக்கான இரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள். மலேரியா உள்ள நாட்டுக்குப் புறப்படுவோருக்கு மலேரியாத் தடை இயக்கம் தடுப்பு மாத்திரைகளை இலவசமாகவே தருகிறது.