இரண்டு ஆட்டமும் இருபது ஆண்டும்

துடுப்பாட்ட வீரரின் பெருமையைத் தேசிய அணியில் அவர் ஆடிய ஆட்டங்களைக் கொண்டே பலரும் அளப்பர். இவ்வளவுகோல் சென்னைச் சுழற்பந்து வீச்சாளர் வி. வி. குமாருக்குப் பொருந்தாது.

1961 பெப்ரவரியில், டில்லியில் பாகிஸ்தானுக்கெதிரான தமது முதல் டெஸ்ட் ஆட்டத்தில் 64 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அதே ஆண்டு பம்பாயில் இங்கிலாந்துக்கெதிராக ஒன்றும் வாய்க்கவில்லை; அத்துடன் அவ்வாயில் அடைபட்டது. அவரோ சோர்ந்திலர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரஞ்சிக் கிண்ணத்தில் தம் மாநிலத்துக்காகப் பந்து வீசி, 400 விக்கெட்டுகளைக் கடந்தார்.

வேகப்பந்து துடுப்பாளரை அச்சுறுத்தும். சுழற்பந்தோ அவரே பிழைசெய்யும்வரை காத்திருக்கும். அக்காத்திருப்பையே குமார் தம் வாழ்வுக்கும் நெறியாக்கினார்.

நெளுக்குளத்து மாணவர்க்கும் நான் கூறுவது இதுவே: அவையேறிய நாள்களை மட்டும் எண்ணிப் புலமையை அளத்தல் முறையன்று, அவை அழையாத நாளிலும் குன்றாத உழைப்பே அதன் அளவு.