யானைக்கு மனசு சரியில்லைன்னா முகாம் இருக்கு... பாகனுக்கு? வனவிலங்கு மோதல் கொள்கையில் உளவியல் எங்கே?

மசினி என்ற யானையை நினைவிருக்கிறதா? 2018 மே மாதம் சமயபுரம் மாரியம்மன் கோயிலில், பக்தர்கள் கண்ணெதிரே தன் பாகனை மிதித்துக் கொன்ற யானை. அதன் பிறகு அதை நீலகிரியில் உள்ள தெப்பக்காடு யானைகள் முகாமுக்குக் கொண்டுவந்தார்கள். காட்டுச் சூழலில், மற்ற யானைகளோடு இருந்தால் தேறிவிடும் என்ற நம்பிக்கைதான் காரணம். 2023 ஏப்ரலில் அதே மசினி, அதே முகாமில் இன்னொரு பாகனைக் கொன்றது.

யானைக்கு மனம் உண்டு, அது காயப்படும், அதற்கு ஓய்வும் துணையும் வேண்டும் என்பதை நாம் ஏற்றுக்கொண்டுவிட்டோம். நல்ல விஷயம். ஆனால் மறுநாள் காலையில் வேறொரு யானைக்குக் கேழ்வரகு உருண்டை ஊட்டப் போகும் சக பாகன் மனதில் என்ன ஓடியிருக்கும்? அதைக் கேட்க வேண்டியது யார் பொறுப்பு?

அந்த முகாமின் பொம்மன், பெள்ளி தம்பதியைப் பற்றிய ஆவணப்படம் ஆஸ்கர் வென்றது 2023 மார்ச்சில். அதற்கு அடுத்த மாதமே இந்தச் சம்பவம். ஆஸ்கர் நமக்கு ஞாபகம் இருக்கு. இது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கு?

இழப்பீட்டுப் பட்டியலில் எது இருக்கு, எது இல்லை?

வனவிலங்கு தாக்கி உயிர் போனாலோ, நிரந்தரமாக உடல் முடங்கினாலோ 10 லட்சம் ரூபாய். பலத்த காயத்துக்கு 2 லட்சம். சிறிய காயத்துக்கு 25 ஆயிரம் வரை சிகிச்சைச் செலவு. 2023 இறுதியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் உயர்த்திய கருணைத்தொகை விவரம் இது. பயிருக்கும் சொத்துக்கும் தனிக் கணக்கு உண்டு.

மன பாதிப்பு என்று ஒரு வரிசை மட்டும் இந்தப் பட்டியலில் கிடையாது.

நாடு முழுவதும் யானை தாக்கி மட்டும் ஆண்டுக்கு 500 பேருக்கு மேல் இறக்கிறார்கள். ஒவ்வொரு மரணத்துக்குப் பின்னாலும் ஒரு குடும்பம், ஒரு தெரு, சில சமயம் ஒரு கிராமமே பயத்தோடு வாழப் பழகுகிறது. 2021-ல் மசினகுடி, கூடலூர் பகுதியில் டி-23 புலியைத் தேடியது ஞாபகம் இருக்கும். நான்கு பேரின் மரணத்துக்குக் காரணம் என்று சொல்லப்பட்ட அந்தப் புலி, மூன்று வாரத் தேடலுக்குப் பிறகு அக்டோபர் 15 அன்று உயிரோடு பிடிபட்டது. மைசூருவில் உள்ள மையத்துக்குப் போனது. புலிக்கு என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த மூன்று வாரமும் மாட்டை அவிழ்த்துவிடப் பயந்தவர்களுக்கு, அதன் பிறகு தூக்கம் வந்ததா என்று கேட்கும் பத்தி எந்த அறிக்கையிலும் கட்டாயம் இல்லை.

பயம் எல்லாம் ஒரு 'பாதிப்பா'?

ஆமாம் என்கிறது ஆய்வு. மனநல மருத்துவர் சுஷ்ருத் ஜாதவும் புவியியல் ஆய்வாளர் மான் பரூவாவும் அசாமில் யானை மோதல் உள்ள பகுதியில் ஆய்வு செய்து 2012-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஏற்கெனவே வறுமையில் இருப்பவர்களின் மனநிலையை இந்த மோதல் மேலும் மோசமாக்குகிறது, அது கண்டறியப்படாமலும் சிகிச்சை கிடைக்காமலும் போகிறது என்பது அவர்கள் கண்டது. 2013-ல் இன்னோர் ஆய்வாளரோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில், வனவிலங்கு மோதலின் 'மறைந்திருக்கும் செலவுகள்' எவை என்று விளக்கினார்கள்.

அந்தச் செலவுகளை நம்ம ஊர் மொழியில் சொன்னால் இப்படி: ராத்திரி முழுக்கக் காவல் இருந்துவிட்டுக் காலையில் கூலி வேலைக்குப் போகும் உடம்பு. தனியாகப் பள்ளிக்கு அனுப்ப முடியாத குழந்தை. இழப்பீட்டுக்காக அலுவலகம் அலுவலகமாக அலையும் நாட்கள். சம்பாதித்தவர் போன பிறகு கடனோடு தனியாக நிற்கும் மனைவி. எதற்கும் ரசீது கிடையாது. ரசீது இல்லாததால் கணக்கும் கிடையாது.

உளவியல்னா கவுன்சலிங் மட்டும்தானா?

இல்லை. மனிதர்கள் ஆபத்தை எப்படி உணர்கிறார்கள் என்பதும் உளவியல்தான். எப்போது வரும் என்று தெரியாத, தன் கையில் இல்லாத ஆபத்து நம்மை அதிகம் பயமுறுத்தும் என்பது இத்துறையில் நன்கு நிறுவப்பட்ட உண்மை. அப்படியானால், 'எப்போது, எங்கே' என்ற தகவலைக் கொடுத்தாலே பயம் குறைய வேண்டும் அல்லவா?

வால்பாறையில் நடந்தது கிட்டத்தட்ட அதுதான். இயற்கை பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்த ஆனந்தகுமாரும் அவரது குழுவினரும் வனத்துறையோடு சேர்ந்து, யானைகள் இருக்கும் இடத்தை எஸ்எம்எஸ், உள்ளூர் கேபிள் டிவி, செல்போனில் இயக்கும் சிவப்பு விளக்குகள் வழியாக எஸ்டேட் மக்களுக்குத் தெரிவித்தார்கள். விளக்கு எரிந்தால் அந்தப் பக்கம் போகக் கூடாது. அவ்வளவுதான். இந்தப் பணிக்காக 2015-ல் ஆனந்தகுமாருக்கு சர்வதேச விட்லி விருது கிடைத்தது. விளக்கு யானையை விரட்டவில்லை. மனிதனுக்கு முடிவெடுக்கும் வாய்ப்பைக் கொடுத்தது.

மரணம் நடந்த பிறகும் அறிவியல் உதவும். உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட 'உளவியல் முதலுதவி' கையேடு மூன்று விஷயங்களைச் சொல்கிறது: பாருங்கள், காது கொடுங்கள், தேவையான உதவியோடு இணையுங்கள். பாதிக்கப்பட்டவரை உட்காரவைத்து 'என்ன நடந்தது, முழுசா சொல்லுங்க' என்று வற்புறுத்தக் கூடாது. இதைச் செய்ய மனநல மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற வனக்காப்பாளரோ கிராம சுகாதார செவிலியரோ போதும்.

இதை ஏன் மத்திய அரசிடம் கேட்கணும்?

காடும் வனவிலங்கும் 1976 முதல் பொதுப்பட்டியலில் இருக்கின்றன. தெப்பக்காடு இருக்கும் முதுமலை ஒரு புலிகள் காப்பகம். புலி, யானை திட்டங்களுக்கான வழிகாட்டுதலும் நிதியில் பெரும்பங்கும் டெல்லியில் இருந்து வருகின்றன. கருணைத்தொகை விவரத்தை அறிவிப்பதும் மத்திய அமைச்சகம்தான். பட்டியலில் புது வரிசை சேர வேண்டும் என்றால் அங்கேதான் சேர வேண்டும்.

மனித நடத்தை அறிவியல் டெல்லிக்குப் புதிதும் அல்ல. 2018-19 பொருளாதார ஆய்வறிக்கையில் இதற்கென ஓர் அத்தியாயமே இருந்தது. நிதி ஆயோக்கிலும் இதற்கான பிரிவு தொடங்கப்பட்டது. கழிப்பறை கட்டவும் பெண் குழந்தைகளைப் படிக்கவைக்கவும் மக்கள் மனதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று தெரிந்த அரசுக்கு, காட்டோரத்தில் வாழும் மக்கள் மனதைப் புரிந்துகொள்வது கஷ்டமா என்ன?

இதுக்கு முன்னாடி இப்படி நடந்திருக்கா?

நடந்திருக்கிறது, அதுவும் தமிழ்நாட்டில் இருந்தே. 2004 சுனாமிக்குப் பிறகு பெங்களூரு நிமான்ஸ் நிபுணர்கள் கடலோர கிராமங்களுக்கு வந்து, உள்ளூர்க்காரர்களுக்கே மனநல ஆதரவு கொடுக்கப் பயிற்சி அளித்தார்கள். அதுபோன்ற அனுபவங்களின் தொடர்ச்சியாக, 2009-ல் தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம் பேரிடர் கால உளவியல் ஆதரவுக்கென்று தனி வழிகாட்டுதலை வெளியிட்டது. 'சாப்பாடு, துணி, கூடாரம் கொடுத்தாச்சு, வேலை முடிஞ்சது' என்ற எண்ணம் காகித அளவிலாவது மாறியது.

முதுமலைக்கு அடுத்து இருக்கும் வயநாடு கேரளாவில் இருக்கிறது. அந்த மாநிலம் 2024 மார்ச்சில் மனித-வனவிலங்கு மோதலை மாநிலப் பேரிடராகவே அறிவித்துவிட்டது. பேரிடர் என்று ஒப்புக்கொண்டால், 2009 வழிகாட்டுதல் சொல்லும் மனநல ஆதரவு காட்டோர மக்களுக்கும் வந்து சேர வேண்டும்.

அப்போ என்ன கேட்கலாம்?

1. கருணைத்தொகை விதிகளில், தாக்குதலுக்குப் பிந்தைய மனநல சிகிச்சைச் செலவையும் சேர்க்க வேண்டும்.

2. மரணம் நடந்தால் வனத்துறையோடு மாவட்ட மனநலத் திட்டக் குழுவும் வீட்டுக்குப் போக வேண்டும். ஒரு முறை அல்ல, சில மாதங்களுக்குத் தொடர்ந்து.

3. பாகன், காவடி, வேட்டைத்தடுப்புக் காவலர்களுக்கு மனநலப் பரிசோதனை, பணிப் பாதுகாப்பின் ஒரு பகுதியாக வேண்டும். சக ஊழியர் இறந்தால் விடுப்பும் வேண்டும்.

4. மோதல் தடுப்புத் திட்டம் எழுதும் குழுவில் ஓர் உளவியல் ஆய்வாளரும் ஒரு பழங்குடிப் பிரதிநிதியும் இருக்க வேண்டும்.

ஆள் எங்கே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை கிடைப்பதில்லை. அதனால்தான் முதல் கட்டத்தை உள்ளூர்க்காரர்களைப் பயிற்றுவித்துச் செய்ய வேண்டும் என்கிறோம். சுனாமியில் அதுதான் நடந்தது. மனநல சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்று 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அந்த உரிமை காட்டின் எல்லையில் நின்றுவிடக் கூடாது.

இது மனிதருக்காக மட்டும் கேட்பதும் அல்ல. தூக்கம் கெட்ட, யாரும் கேட்காத ஒரு மனிதரிடம் 'யானையைப் பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று எவ்வளவு நாள் சொல்ல முடியும்? அவர் பொறுமை இழந்தால் மின்வேலியும் வெடிகாயும் வரும். அடுத்த பலி யானை.

அடுத்த முறை ஊட்டி டிரிப்பில் தெப்பக்காட்டில் வண்டியை நிறுத்தி, யானைக்குச் சாப்பாடு கொடுப்பதைப் பார்ப்பீர்கள். போட்டோ எடுங்கள். அப்படியே, யானைக்குப் பக்கத்தில் நிற்பவரையும் ஒரு நிமிடம் பாருங்கள்.

*மன உளைச்சல் உங்களுக்கோ தெரிந்தவருக்கோ இருந்தால், மத்திய அரசின் டெலி-மானஸ் இலவச உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம். தமிழிலும் பேசலாம்.*