ஒன்பது மணி நேரம் பறக்கும் பீன்ஸ்

"ஏற்றுமதிக்குப் போனாத்தான் இயற்கை விவசாயிக்கு விலை" என்று சொல்லும் நண்பர்களிடம் நான் கென்யா கதையைச் சொல்வதுண்டு.

கென்யத் தலைநகர் நைரோபியிலிருந்து லண்டன் ஹீத்ரோ விமான நிலையம் ஏறக்குறைய 6,800 கிலோமீட்டர். எங்கும் இறங்காமல் போனால் சுமார் 9 மணி நேரம். குளிர்காலத்தில் கென்யக் கடிகாரம் லண்டனைவிட 3 மணி நேரம் முன்னால் ஓடும். காலை 9 மணிக்குக் கிளம்பிய விமானம் இறங்கும்போது லண்டனில் மாலை 3 மணிதான்! அங்கே குளிரில் ஒன்றும் விளையாத மாதத்தில், பறித்த வாட்டம் தெரியாத பிஞ்சு பீன்ஸ் கடைக்கு வருவது இப்படித்தான். மொம்பாசா துறைமுகம் வழியாகக் கப்பலில் அனுப்பினால் வாரக்கணக்கில் ஆகும். அவகேடோ குளிர்பெட்டியில் தாங்கும், கப்பலிலேயே போகிறது. பீன்ஸுக்கு அந்தப் பொறுமை ஏது?

இந்த வேகத்துக்கு ஒரு விலை உண்டு. ஒரு கிலோ பீன்ஸ் அவ்வளவு தூரம் பறக்க, வழக்கமான கணக்குப்படி 7 கிலோவுக்கு மேல் கரியமில வாயு வெளியாகிறது. கப்பல் சுற்றிக்கொண்டு போனாலும் அரைக் கிலோகூட வராது.

அப்படியானால் விமானத்தில் வந்த காய்க்கு 'இயற்கை விளைபொருள்' முத்திரை கொடுக்கலாமா? பிரிட்டனில் இயற்கை வேளாண்மைக்குச் சான்று தரும் சாயில் அசோசியேஷன் 2007-ல் இதைப் பொதுவில் விவாதத்துக்கு வைத்தது. ஆப்பிரிக்க உழவர்கள் கொதித்துப்போனார்கள். கைவேலையும் இயற்கை வெயிலும் கொண்டு விளைவிக்கிறோம், சூடேற்றிய கண்ணாடிக் கூடாரம் எங்களிடம் இல்லை, பழி மட்டும் எங்களுக்கா என்றார்கள். நியாயமான கேள்வி என்றுதான் எனக்குப் படுகிறது. கடைசியில் தடை வரவில்லை. நேர்மையான வணிகத்துக்கான தரங்களையும் நிறைவேற்ற வேண்டும் என்று முடிவானது.

புகைக் கணக்கைவிட என்னை அதிகம் உறுத்துவது 2010 ஏப்ரல். ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்து, சாம்பல் பரவியதால் ஐரோப்பிய வான்வெளியின் பெரும்பகுதியை ஏறக்குறைய ஒரு வாரம் மூடிவிட்டார்கள். நைரோபியில் கிடங்குகள் நிரம்பின. ரோஜாக்கள் குப்பைக்குப் போயின, பீன்ஸ் மாட்டுக்குப் போனது. பண்ணைகளில் ஆயிரக்கணக்கான கூலியாட்களை வேலையில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அந்த மெல்லிய பிஞ்சு பீன்ஸுக்கு உள்ளூர்ச் சந்தையில் பெரிய கிராக்கி கிடையாது. எங்கோ ஒரு மலை புகைந்ததற்கு, அந்த மலையின் பெயரைக்கூடக் கேட்டிராதவர் கூலியை இழந்தார்.

ஏற்றுமதி ஒப்பந்தத்தை யாராவது நீட்டினால் கிலோ விலையை அப்புறம் பேசலாங்க. விமானம் ஒரு வாரம் நின்றால் சரக்கு யார் கணக்கில் போகும், அதை நம்ம சந்தையில் வாங்க ஆள் உண்டா என்பதை முதலில் கேளுங்கள். மஞ்சளும் மிளகும் கப்பலில் காத்திருந்து போகும் சரக்கு, அவற்றுக்கு இந்தப் பயம் குறைவு. வெண்டையும் முருங்கைக்கீரையும் போடுகிறவர்கள்தான் இதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.