கோப்பை ஓரத்து வறை

திருகோணமலையில் மத்தியானச் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தாலே கடற்கரை ஊர் என்று விளங்கிவிடும். நடுவில் சிவப்பரிசிச் சோறு குவிந்திருக்கும், மேலே பாரைமீன் குழம்பு, பக்கத்தில் ஒரு பொரித்த துண்டு. முருங்கையிலை வறை ஓரத்தில் ஒரு கரண்டி. அதுவும் அம்மா மனம் நோகக்கூடாதென்று.

அந்தக் கரண்டிக்காகப் பெருங்குடலில் ஒரு கூட்டம் காத்திருக்கிறது. கீரையின் நாரை உடைக்கும் நொதியம் நம்மிடம் இல்லை. சோறும் மீனும் பெரும்பாலும் சிறுகுடலிலேயே செமித்துவிட, நார் அப்படியே கீழே இறங்கும். அங்குள்ள பற்றீரியாக்கள் அதைப் புளிக்கவைத்துக் கொழுப்பமிலங்களாக்குகின்றன. தோசைமா இரவில் பொங்குவதும் இந்த மாதிரி வேலைதான். அந்தக் கொழுப்பமிலங்களில் ஒன்றான பியூட்டிரேட்தான் பெருங்குடற் சுவரின் கலங்களுக்கு முக்கிய எரிபொருள்.

நார் வராவிட்டால்? மனிதக் குடற் பற்றீரியாக்களைக் குடியேற்றிய எலிகளில் நடந்து, 2016இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று அதைக் காட்டியது. பசித்த பற்றீரியாக்கள் குடற்சுவரைக் காக்கும் சளிப்படையையே தின்னத் தொடங்கின. விறகு தீர்ந்ததென்று கூரைக் கிடுகைப் பிடுங்கி அடுப்பில் வைத்த கதை.

சுவர் பலவீனமானால் பற்றீரியாத் துண்டுகள் இரத்தத்தில் கசியும். அந்த இரத்தம் ஈரல் வாயில் நாளத்தால் முதலில் ஈரலுக்குத்தான் போகும். ஈரல் பெறும் இரத்தத்தில் ஏறக்குறைய முக்காற்பங்கு இந்த வழியில் வருவது. துறைமுக ஊராருக்கு இதை விளக்கத் தேவையில்லை: இறங்கிய சரக்கு சுங்கம் தாண்டாமல் உள்ளே போகுமா? ஈரலின் சுங்கக்காரர் கூப்பர் கலங்கள். வேண்டாத சரக்கு ஓயாமல் வந்தால் அவை ஓயாமல் அபாயமணி அடிக்கும். அந்த ஓயாத மணிதான் நாட்பட்ட அழற்சி. ஏற்கெனவே கொழுப்புப் படிந்த ஈரலில் அது காலப்போக்கில் தழும்பாகலாம்.

கொழுப்பு ஈரலைக் குடிகாரர் வியாதி என்று தள்ளிவிடவும் முடியாது. ராகமையில் 35 முதல் 64 வயதானவர்களிடம் களனிப் பல்கலைக்கழக மருத்துவர்கள் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், கிட்டத்தட்ட மூவரில் ஒருவருக்கு மதுவால் வராத கொழுப்பு ஈரல் இருந்தது. மரக்கறி மட்டும் இதைத் தீர்க்காது; சீனித் தேநீரும் சோடாவும் வயிற்றுச் சுற்றளவும் கணக்கில் உண்டு.

பற்றீரியாக்களுக்குப் பிடித்தவை சந்தையில் மலிவாகவே கிடைக்கின்றன: நிலாவெளிப் பக்கத்து வெங்காயம், வாழைப்பூ, பயற்றங்காய், பொன்னாங்காணி. ஆறிய பழஞ்சோற்றிலும் அவற்றுக்குக் கொஞ்சம் பங்குண்டு. வல்லாரையை அரைத்து, வடித்து, சாற்றை மட்டும் குடிக்கும் ஆரோக்கியப் பிரியர்கள் பற்றீரியாவின் பங்கைச் சக்கையோடு குப்பையில் கொட்டுகிறார்கள்.

ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு ஊதும். இந்தக் கிழமை ஒரு கரண்டி வறை இரண்டாகட்டும். மீனில் கைவைக்க வேண்டாம், இடத்தைச் சோறு விட்டுக்கொடுக்கட்டும்.