தூரம் ஒன்று, நேரம் இரண்டு

சிலி நாட்டின் தலைநகரான சாந்தியாகோவுக்கும், அந்நாட்டுக்குரிய ஈஸ்ரர் தீவுக்கும் இடையே பசிபிக் சமுத்திரத்தின்மேல் ஏறத்தாழ 3,750 கிலோமீற்றர் தூரம் உண்டு. 1951 இல் லா செறேனா என்னும் சிலி நகரிலிருந்து புறப்பட்டு முதன்முதலாக இத்தீவை அடைந்த கற்றலீனா விமானம் 19 மணி நேரத்துக்கு மேல் பறந்தது. இன்றைய ஜெற் விமானத்துக்கு ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம் போதும். திரும்பும் விமானமோ ஒரு மணி நேரமளவு முந்தியே வந்துவிடும். நேயர்களுக்கு இது விந்தையாகத் தோன்றலாம். காரணம், அவ்வுயரத்தில் மேற்கிலிருந்து வீசும் பலத்த காற்று; போகையில் எதிர்ப்பதும் வருகையில் உந்துவதும் அதுவே.

தீவிலுள்ளது ஒரே ஓடுபாதை. அது தடைப்பட்டால் ஒதுங்குவதற்கு அருகே வேறு விமான நிலையம் இல்லை. மறுபக்கத்துத் தாகித்தியோ 4,000 கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ளது. ஆதலால் நடுவழியிலேயே விமானி முடிவு செய்தாக வேண்டும்: முன்னே செல்வதா, திரும்புவதா? இரண்டுக்கும் சமமான நேரம் பிடிக்கும் இடம் ஒன்றுண்டு. அது வழியின் சரிநடுவில் அமைவதில்லை. திரும்பும் விமானத்துக்குக் காற்றுத் துணைநிற்பதால், அவ்விடம் தீவின் பக்கமாகச் சற்றுத் தள்ளியே இருக்கும். காற்றின் வேகம் நாளுக்கு நாள் மாறுவதால், ஒவ்வொரு பயணத்துக்கும் அதனைப் புதிதாகக் கணித்துக்கொண்டே விமானம் புறப்படுகிறது.