கைகழுவிய தண்ணீர்

மத்தேயு சுவிசேஷத்தின் 27ஆம் அதிகாரத்தில் தேசாதிபதி பிலாத்து தண்ணீரை வரவழைத்து, ஜனங்கள் பார்க்கக் கை கழுவுகிறான். மற்ற மூன்று சுவிசேஷங்களிலும் இந்தக் காட்சி கிடையாது. அவன் மனைவி கண்ட கனவும் மத்தேயுவில் மட்டுந்தான். மனசாட்சிக்கும் அரசியல் நெருக்கடிக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஒரு பாவப்பட்ட மனுஷனாகப் பிலாத்துவை வாசிக்க இந்த இரண்டு இடங்களும் ரொம்பவே உதவுகின்றன. இந்த வாசிப்பைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் நெருக்கடி. யார் கொடுத்தது? பிரதியின் மேல்பரப்பில் கூட்டம். சரி, பிலாத்து கூட்டத்துக்குப் பயப்படுகிற ஆள்தானா? கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்டவன் அவன். ஆலயப் பணத்தை எடுத்து நீர்க்கால்வாய் கட்டியதற்காக ஜனங்கள் திரண்டபோது, சாதாரண உடையில் தடிகளை மறைத்த சிப்பாய்களைக் கூட்டத்தில் கலக்கவிட்டு அடித்தான் என்கிறார் யூத வரலாற்றாசிரியர் ஜொசிஃபஸ். இராயனின் உருவம் பொறித்த கொடிகளை எருசலேமுக்குள் கொண்டுவந்த விவகாரத்தில், கழுத்தை நீட்டிக்கொண்டு விழுந்தவர்களிடம் அவன் பின்வாங்கியதும் உண்டு. கூட்டத்தை எப்போது அடிப்பது, எப்போது விடுவது என்று கணக்குத் தெரிந்தவன்.

யோவான்தான் விஷயத்தை உடைக்கிறார். இவனை விட்டால் நீ இராயனுக்குச் சிநேகிதன் இல்லை என்ற பொருளில் கூட்டம் சொன்னதும் பிலாத்து நியாயாசனத்தில் போய் உட்காருகிறான். குரல் கீழேயிருந்து வருகிறது. பயம் மேலேயிருந்து வருகிறது. அரசியல் நெருக்கடி என்று நாம் மரியாதையாகச் சொல்வதற்கு இங்கே பதவி என்று பெயர்.

அடுத்து, சடங்கு. கொன்றவன் யாரென்று தெரியாத பிணம் வயலில் கிடந்தால், பக்கத்து ஊர் மூப்பர்கள் கை கழுவித் தங்களுக்குப் பங்கில்லை என்று சொல்ல வேண்டும் என்பது உபாகமம் 21இல் உள்ள விதி. பிலாத்து முன்னால் நிற்பவன் இன்னும் சாகவே இல்லை. கொல்லப்போவது யாரென்பதிலும் சந்தேகமில்லை. சிலுவை ரோமானியத் தண்டனை. நடக்கப்போகும் கொலைக்கு முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொண்ட ரசீது அந்தத் தண்ணீர்.

இன்னொன்று, மொழி. கிரேக்க மூலத்தில் யூதாஸ் செய்ததற்கும், ஆசாரியர்கள் செய்ததற்கும், கடைசியில் பிலாத்து செய்ததற்கும் ஒரே வினைச்சொல்தான். இயேசு கைமாறிக்கொண்டே போகிறார். நம்ம பழைய தமிழ் வேதாகமம் இதை இரண்டாகப் பிரித்துவிட்டது: யூதாஸ் 'காட்டிக்கொடுக்கிறான்', பிலாத்து 'ஒப்புக்கொடுக்கிறான்'. ஒருத்தன் துரோகி, இன்னொருத்தன் கோப்பை அடுத்த மேசைக்கு நகர்த்திய அதிகாரி. வினைச்சொல் பிரிந்ததும் குற்றமும் பிரிந்துவிடுகிறது.

இவன் கழுவிய ரத்தம் எங்கே போனது? அடுத்த வசனத்திலேயே கூட்டம் அதைத் தன்மேலும் தன் பிள்ளைகள்மேலும் ஏற்றுக்கொள்கிறது. இதுவும் மத்தேயுவில் மட்டுந்தான். இந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாக யூதர்களை வேட்டையாடினார்கள். இயேசுவின் சாவுக்கு யூதர் அனைவரையும் குற்றம் சாட்ட முடியாது என்று கத்தோலிக்கத் திருச்சபை சங்கம் கூடி அறிவித்தது 1965இல். அதிகாரியின் மனசாட்சியைச் சுத்தமாக வைத்திருக்க எத்தனை தலைமுறை செலவாகியிருக்கிறது பாருங்கள்.

பிலாத்துவுக்கு மனசாட்சி இல்லை என்று நான் சொல்லவில்லை. இருந்தது. குற்றமில்லை என்று மூன்று தடவை சொன்னதாக லூக்கா எழுதுகிறார். அது வாயில் இருந்தது, மனைவியின் கனவில் இருந்தது, தண்ணீர்ப் பாத்திரத்தில் இருந்தது. உத்தரவில் மட்டும் இல்லை. தனக்குக் குற்றமில்லை என்று காட்ட அவன் கை கழுவினான். தமிழில் 'கைகழுவிவிட்டான்' என்றால் நம்பி நின்றவனை அம்போவென்று விட்டுவிட்டான் என்று அர்த்தம். வியாக்கியானங்களைவிட நம் பேச்சுவழக்கு பிலாத்துவைச் சரியாகப் புரிந்துவைத்திருக்கிறது.