காப்பிக் கொட்டை ஏன் வேகாது?

ஜனவரியில் ஏற்காடு போயிருந்தேன். காப்பிப் பழம் பறிக்கிற சீசன். ஒரு தோட்டத்துக் களத்தில் பார்ச்மென்ட் காப்பி காய்ந்துகொண்டிருந்தது. ஒன்றை எடுத்து, மேல்தோலை உரித்துக் கடித்துப் பார்த்தேன். பல்தான் வலித்தது. களத்தைத் துழாவிக்கொண்டிருந்த அம்மா சிரித்துவிட்டு, "ராத்திரி பூரா ஊறப்போட்டு வேகவெச்சாலும் குழையாதுங்க" என்றார்.

உண்மைதான். அரிசியும் விதை, காப்பிக் கொட்டையும் விதை. ஒன்று அரை மணி நேரத்தில் சோறாகிறது, இன்னொன்று எவ்வளவு கொதித்தாலும் அசையமாட்டேன் என்கிறது. ஏன்?

மலையடிவாரத்திலிருந்து ஆரம்பிக்கலாம். சேலம் என்றால் ஜவ்வரிசி. அது மரவள்ளிக் கிழங்கின் மாவுச்சத்து. மாவுச்சத்து என்பது ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் மூலக்கூறுகள் கோத்த சங்கிலி. இந்தக் கோர்ப்பில்தான் விஷயம் இருக்கு. 'ஆல்ஃபா' என்று சொல்லப்படும் வகையில் கோத்தால் சங்கிலி ஸ்பிரிங் மாதிரி சுருளும். சூடுபடுத்தினால் இடுக்குகளில் தண்ணீர் புகுந்து உப்பும். அதனால்தான் ஜவ்வரிசி பாயசத்தில் கண்ணாடி மாதிரி ஆகிறது. நம்ம எச்சிலில் உள்ள அமைலேஸ் நொதிக்கும் இந்தக் கோர்ப்பை வெட்டத் தெரியும்.

அதே குளுக்கோஸை 'பீட்டா' வகையில் கோத்தால் சங்கிலி ரிப்பன் மாதிரி நேராக நீளும். ரிப்பன்கள் பக்கத்தில் பக்கத்தில் படுத்து ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதுதான் செல்லுலோஸ்: பருத்தி நூல், மரம், காகிதம். சரக்கு ஒன்றுதான், கோர்ப்பு மாறினால் ஒன்று சோறு, இன்னொன்று சுவர்.

காப்பிச் செடி செய்தது என்ன தெரியுமா? அது விதையில் மாவுச்சத்தை ஏறக்குறைய வைக்கவே இல்லை. குஞ்சுச் செடிக்கான சாப்பாட்டைச் சுவராகவே கட்டிவிட்டது. கொட்டையின் உலர் எடையில் சுமார் பாதி பாலிசாக்கரைடுகள், அதாவது சர்க்கரைச் சங்கிலிகள். அதில் முக்கியமானது மேனன். மேனோஸ் என்ற சர்க்கரையைப் பீட்டா வகையில் கோத்த சங்கிலி இது. மேனோஸ் குளுக்கோஸின் உடன்பிறப்பு மாதிரி. அணுக்கள் அதேதான், இரண்டாவது கார்பனில் இருக்கும் ஹைட்ராக்சில் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். செல்லுக்குச் செல் இந்த மேனன் தடித்த சுவராகப் படிந்திருக்கிறது. நான் கடித்தது அந்தச் சுவரைத்தான்.

இதை நாம் வேறு இடத்தில் பார்த்திருக்கிறோம்: நுங்கு. இளசாக இருக்கும்போது அந்த மேனன் சங்கிலியில் காலக்டோஸ் என்ற சர்க்கரை நிறையக் கிளைகளாகத் தொங்கும். கிளைகள் இருப்பதால் சங்கிலிகள் நெருங்க முடியாது, நடுவில் தண்ணீர் தங்கும், வழவழவென்று இருக்கும். முற்ற முற்றக் கிளைகள் குறையும், சங்கிலிகள் ஒட்டிக்கொள்ளும், பனங்கொட்டை கல்லாகும். காப்பியிலும் இதே கதை. பிஞ்சுக் கொட்டை நகத்தால் கீறும் பதத்தில் இருக்கும், பழுத்தபின் கல். பனங்கொட்டை மண்ணில் முளைக்கும்போது நொதிகள் அந்தக் கல்லைக் கரைத்துச் சர்க்கரையாக்கி அனுப்புகின்றன. அது பனங்கிழங்கில் மாவுச்சத்தாகச் சேர்கிறது. கல், சர்க்கரை, கிழங்கு என்று ஒரே பொருள் வேஷம் மாற்றுகிறது. காப்பி விதையும் இப்படித்தான் மேனனேஸ் என்ற நொதியால் தன் சுவரைத் தானே தின்று முளைக்கும்.

சுவர் மட்டும் போதாது என்று செடி எண்ணெயும் வைக்கிறது. அராபிகா கொட்டையில் சுமார் 15 சதவீதம், ரோபஸ்டாவில் சுமார் 10. ஏற்காட்டில் பெரும்பாலும் அராபிகாதான். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் இந்த மலைக்கு வந்த செடி. எண்ணெய் என்பது ஒரு கிளிசராலில் மூன்று கொழுப்பு அமிலங்கள் தொங்கும் அமைப்பு. இதில் ஆக்ஸிஜன் குறைவு, எரிய வேண்டிய கார்பனும் ஹைட்ரஜனும் நிறைய. அதனால் ஒரு கிராம் கொழுப்பில் சுமார் 9 கிலோ கலோரி, கார்போஹைட்ரேட்டில் சுமார் 4. தண்ணீரையும் சேர்த்துச் சுமக்க வேண்டியதில்லை. சின்ன விதைக்குள் நிறைய அடைக்கணும்னா எண்ணெய்தான் வசதி.

சரி, இதெல்லாம் நம்ம தம்ளரில் என்ன ஆகுது? வறுக்கும்போது உள்ளே நீராவியும் வாயுவும் அழுத்த, கொட்டை உப்பி, சுவர் நொறுங்கும் பதத்துக்கு வருகிறது. சுவரின் ஒரு பகுதி வெந்நீரில் கரைந்து டிகாக்‌ஷனுக்குக் கெட்டித்தன்மை கொடுக்கிறது. எண்ணெயும் கொஞ்சம் இறங்குகிறது. நான் இதைத் தோண்ட ஆரம்பித்ததே அந்த எண்ணெயால்தான். என் ரத்தப் பரிசோதனையில் எல்டிஎல் கூடியிருந்தது. வீட்டில் நெய்யையும் வடையையும் நிறுத்தினார்கள். காப்பியை யாரும் சந்தேகப்படவில்லை.

நார்வேயின் ட்ரோம்ஸோ நகரில் நடந்த ஆய்வு 1983இல் வெளியானது. காப்பி அதிகம் குடிப்பவர்களுக்குக் கொலஸ்ட்ரால் அதிகமாக இருந்தது. அங்கே தூளைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்துக் குடிக்கும் பழக்கம் உண்டு. பிறகு குற்றவாளி பிடிபட்டது. அது காஃபீன் இல்லை, காப்பி எண்ணெயில் கரைந்திருக்கும் கேஃபெஸ்டால். கல்லீரல் கொலஸ்ட்ராலைப் பித்த அமிலமாக மாற்றிக் கழிக்கும் வேலையை இது மட்டுப்படுத்துகிறது என்று எலிகளில் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. காகித வடிகட்டி இந்த எண்ணெயைப் பெரும்பாலும் பிடித்துவிடும். நம்ம எவர்சில்வர் ஃபில்டரின் ஓட்டை பிடிக்காது. அதில் அழுத்திவைத்த தூள்தான் ஓரளவு தடுக்கும்.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்த வேண்டாம், காப்பியையும் விட வேண்டாம். ஒன்றிரண்டு தம்ளர் குடிப்பவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. நான் நாலு தம்ளர் ஆள். இப்போ காலை முதல் காப்பி மட்டும் பழைய ஃபில்டரில், மற்றது காகிதத்தில் வடிகட்டியது. நாக்கு வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிட்டது: காகிதக் காப்பி கொஞ்சம் மெலிசு. மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதனை. நெய்யும் வடையும் இல்லாத மூன்று மாதம் என்பதால், எண் குறைந்தாலும் பெருமை காகிதத்துக்கா, வீட்டுக்காரர்களுக்கா என்று சொல்ல முடியாது.